இனயத்துக் காற்றும் யந்திரப் பெட்டியும்

தூர தேசம் போகிறவர்கள் மூட்டை கட்டுகிற விதத்திலிருந்தே அவர்கள் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். நம் பாட்டனார்கள் காசி யாத்திரை புறப்பட்டபோது கூஜாவும், மடி வேஷ்டியும், கட்டுச் சாதமும் கொண்டு போனார்கள். அப்புறம் வந்தவர்கள் டிரங்குப் பெட்டியையும் படுக்கைச் சுருளையும் ரயிலில் ஏற்றினார்கள். இன்றைக்குப் பிரயாணம் புறப்படும் குடும்பத்தின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆளுக்கொரு கைப்பேசி, ஒரு காமிரா, ஒரு மடிக்கணினி, பவர் பாங்க், காதுக் கருவி, இவற்றுக்கெல்லாம் மின்சாரம் ஊட்டும் சார்ஜர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும் கம்பிகள்! துணிமணிகள் இவற்றின் நடுவே ஒண்டிக்கொள்ள இடம் தேடுகின்றன.

துணி நனைந்தால் உலர்த்தலாம். கட்டுச் சாதம் கெட்டால் காக்கைக்குப் போடலாம். மின்கருவி கெட்டால் என்ன செய்வது? அதிலும், உஷ்ணமும் ஈரமும் கூட்டாக ஆட்சி செலுத்தும் பிரதேசத்தில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்தால் அவற்றை எப்படிக் காப்பாற்றுவது? இதற்கு யோசனை கேட்க நாம் பட்டணத்துப் பெரிய கடைகளுக்குப் போகவேண்டியதில்லை. இத்தகைய கருவிகளுடன் வெயிலிலும் மழையிலும் உப்புக் காற்றிலும் முப்பது, நாற்பது நாள் பிரயாணம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் நம் தமிழ்நாட்டின் தெற்குக் கோடியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வாழும் கடற்கரையில் உள்ள ஊர்களில் ஒன்றுதான் இனயம்.

கடலோரத்து ஊர்

நாகர்கோவிலிலிருந்து மேற்கே புறப்பட்டு, கருங்கல் வழியாகக் கடலை நோக்கி இறங்கினால் இனயம் வந்து சேரும். நாஞ்சில் நாட்டின் வயல்கள் பின்தங்கியதும் மேடும் பள்ளமுமான செம்மண் பூமி தொடங்குகிறது. வாழையும், மரவள்ளியும், ரப்பர் மரங்களும் பாதையின் இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. பிறகு தென்னைகளுக்கு இடையே, கொஞ்சமும் எதிர்பாராத ஒரு திருப்பத்தில், அரபிக் கடல் தன் முழு விஸ்தாரத்தோடு காட்சி தருகிறது.

இந்தக் கரையில் ஊர்கள் மாலையில் கோத்த மணிகளைப் போல் நெருங்கியிருக்கின்றன. கிழக்கே போனால் மிடாலம், குறும்பனை, வாணியக்குடி, குளச்சல்; மேற்கே போனால் இனயம் புத்தன்துறை, ராமன்துறை, முள்ளூர்துறை, தேங்காப்பட்டணம். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை உள்ளூர்க்காரர்கள்தான் சொல்ல முடியும். குளச்சல் என்ற பெயரைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். 1741-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா மகாராஜா டச்சுக்காரர்களை முறியடித்த இடம் அது. இனயம் என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டதோ மிகச் சமீப காலத்தில்தான். 2016 ஜூலையில், இங்கே ஒரு பெரிய துறைமுகம் கட்டுவதற்கு மத்திய மந்திரிசபை கொள்கையளவில் சம்மதம் அளித்தது. கடலோர மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். துறைமுகம் இங்கே எழவில்லை.

இந்தக் கரைக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக் காற்று. நடுவில் வரும் கோடையிலும் காற்றின் ஈரம் போய்விடுவதில்லை. பகலில் உலர்ந்த துண்டு இரவில் மறுபடியும் பிசுபிசுக்கிறது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் சிவப்புத் தூள் ஒட்டிக்கொள்கிறது. கதவின் கீலும், சைக்கிளின் சங்கிலியும், பூட்டின் வாயும் துருவுக்கு இரையாகின்றன. கனத்த இரும்புக்கே இந்தக் கதி என்றால், தலைமயிரினும் மெல்லிய செப்புத் தடங்களைத் தன்னுள்ளே அடக்கிக்கொண்டிருக்கும் கைப்பேசி என்ன பாடுபடும்!

படகு சுமக்கும் கருவிகள்

கட்டுமரத்தில் சென்ற முன்னோர்களுக்கு எந்த மின்கருவியும் தேவைப்படவில்லை. கரையிலுள்ள மலைமுகடும், கோயில் கோபுரமும், தென்னந்தோப்பும் ஒன்றுக்கு ஒன்று எப்படி நேராக வருகின்றன என்று பார்த்தே கடலுக்கடியில் உள்ள பார்களின் இடத்தை அவர்கள் கண்டுகொண்டார்கள். இரவில் நட்சத்திரங்கள் வழிகாட்டின. மலை துருப்பிடிப்பதில்லை, நட்சத்திரத்துக்கு சார்ஜ் போடவேண்டியதும் இல்லை. ஆனால் கரை கண்ணுக்கு மறைந்த பிற்பாடு மலையின் உதவியும் மறைந்துவிடுகிறது. இன்று இம்மாவட்டத்து மீனவர்களின் தொழில் கரையோரத்தோடு நிற்கவில்லை. தேங்காப்பட்டணத்துக்கு அப்பால் உள்ள தூத்தூர், வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் படகுகள் லட்சத்தீவுகளுக்கு அப்பாலும், குஜராத்தின் கடல் வரையிலும் செல்கின்றன. இந்தக் கடற்கரையிலிருந்து பாரசீக வளைகுடா நாடுகளுக்குப் போய்ப் படகுத் தொழில் செய்கிறவர்களும் ஏராளம்.

அத்தகைய படகின் ஓட்டறைக்குள்ளே ஒரு சிறு யந்திரசாலையே இருக்கிறது. இருக்கும் இடத்தைச் சொல்ல ஜி.பி.எஸ். கருவி, ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்ட எதிரொலிக் கருவி, பக்கத்துப் படகோடு பேச வி.எச்.எஃப். கம்பியில்லாப் பேசி, இவற்றுக்கு உயிர்கொடுக்கும் பாட்டரிகள், ஆளுக்கொரு கைப்பேசி. கைப்பேசியின் அலை கரையை விட்டுச் சிறிது தூரம் போனதுமே அறுந்துவிடும். வி.எச்.எஃப். அலையோ ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. ஆகையால் கம்பத்தின் உயரத்துக்குத் தக்கபடி சில கடல்மைல் முதல் இருபது, இருபத்தைந்து கடல்மைல் வரையில்தான் எட்டும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளியிருக்கும் படகின் குரல் கரைக்குக் கேட்கவேண்டுமானால், இடையிலுள்ள படகுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு படகின் கருவி உப்பேறி ஊமையானாலும் சங்கிலி அங்கேயே அறுந்தது.

கரைக்கருகே சிறு வள்ளத்தில் போகிறவர்களிடம் ஓட்டறை கிடையாது. அவர்கள் கைப்பேசியைப் பாலிதீன் பையிலே போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கிறார்கள். விலையுயர்ந்த கடைகளில் இதே தத்துவத்தைத்தான் பளபளப்பான பெட்டியாகச் செய்து விற்கிறார்கள்.

2017 நவம்பர் 30

மின்கருவியைப் பற்றிய பேச்சு நமக்குச் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு. படம் போனால் வருத்தம். பணம் போனால் நஷ்டம். இந்தக் கரையில் அது உயிரைப் பற்றிய பேச்சாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

2017 நவம்பர் 29-ஆம் தேதி இலங்கைக் கடலோரத்தில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே கன்னியாகுமரிக் கடலில் ‘ஒக்கி’ என்ற புயலாக மாறிவிட்டது. கரையில் மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, வாழைத் தோட்டங்கள் தரையோடு தரையாயின. ஆனால் பெரும் துயரம் கடலில் நடந்தது. புயலின் பெயர்கூடப் பிறக்காத நாளில் புறப்பட்டுப் போன படகுகள் எச்சரிக்கைக் குரல் எட்டாத தூரத்தில் இருந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டார்கள், அல்லது திரும்பி வரவேயில்லை. கடற்கரை ஊர்களில் பெண்களும் குழந்தைகளும் அலைகளைப் பார்த்தவண்ணம் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். செய்தி இருந்தது, அதைக் கேட்க வேண்டியவர்களும் இருந்தார்கள், இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

அந்தப் பாலத்தைக் கட்டும் முயற்சிகள் அதன் பிறகு விரைவாயின. 2019 அக்டோபரில், ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ‘ஜெமினி’ என்ற சிறு கருவியை வெளியிட்டது. நமது ‘ககன்’ ஏற்பாட்டின் செயற்கைக் கோள்கள் மூலம் வரும் புயல் எச்சரிக்கையைப் பெற்று, அது பக்கத்திலுள்ள கைப்பேசிக்குக் கொடுக்கும். ஆனால் அது கேட்குமே தவிரப் பேசாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ, அபாய அறிவிப்புக் கருவியின் இரண்டாவது தலைமுறையைக் கொண்டுவந்தது. படகிலிருந்து அனுப்பிய அபயக் குரல் கரைக்குக் கிடைத்தது என்ற பதிலும் அதில் திரும்பி வரும். நடுக்கடலில் தவிக்கிறவனுக்கு, ‘நீ கூப்பிட்டது கேட்டது’ என்ற அந்த ஒரு செய்தி எவ்வளவு பெரிய தைரியம்! அதே ஆண்டு ஆகஸ்டில், மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் பொருத்தும் தேசீயத் திட்டமும் தொடங்கி வைக்கப்பட்டது.

கோடி கோடியாகச் செலவிட்டு ஏவப்பட்ட செயற்கைக் கோள் வானத்தில் பழுதில்லாமல் நிற்கிறது. படகிலுள்ள கருவியின் சார்ஜ் முனையில் ஓர் எள்ளளவு பச்சைக் களிம்பு பூத்துவிட்டால் அத்தனையும் வீண். ஆகையால் ஈரத்தையும் உப்பையும் வெல்லும் வித்தை இங்கே அற்ப விஷயமன்று.

உப்பு செய்யும் வேலை

இந்தப் பகைவனை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்றாக அறிவார்கள். மழைக்காலத்தில் சமையலறை உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து கிடக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் உப்புகளோ இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும்.

அலை மோதும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு பறந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொடியாகக் கருவிகளின் துவாரங்களில் போய்ப் படிகின்றன. இரவில் ஈரம் ஏறியதும் அந்தப் பொடி உப்பு நீராகிறது. உப்பு நீரில் மின்சாரம் பாயும். அருகருகேயுள்ள இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ஒரு சிறு துளி நின்றாலே போதும். ஒரு முனை கரைந்து அரிக்கத் தொடங்கும். கருவி ஒரு தடவைகூடத் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டியதில்லை. கடலோரத்து அறையில் மேஜைமேல் சும்மா கிடந்தாலே இத்தனையும் நடக்கும்.

ஈரத்தின் இன்னொரு கூட்டாளி பூஞ்சக் காளான். தோல் செருப்பில் வெண்மையாகப் படரும் அதே காளான் காமிராவின் கண்ணாடி வில்லையிலும் சிலந்தி வலைபோல் படர்ந்துவிடும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பர்மாக் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் போரிட்ட சேனைகளின் ரேடியோப் பெட்டிகள் பகைவரின் குண்டுக்குத் தப்பியும் காளானுக்குத் தப்பவில்லை. அப்புறம்தான் கருவியின் உள்ளுறுப்புகளுக்குக் காளானைக் கொல்லும் மருந்து கலந்த வார்னிஷ் பூசும் முறை பரவிற்று. இன்றும் கடலில் உபயோகிக்கும் கருவிகளின் உட்பலகைகளுக்கு ஈரம் புகாத மெல்லிய பூச்சு கொடுக்கிறார்கள். நமது சாதாரணக் காமிராவும் மடிக்கணினியும் பெரும்பாலும் அந்தக் கவசம் இல்லாதவை.

பெட்டி கட்டும் முறை

முதல் யோசனை, குறைவாகக் கொண்டுபோவது. ஒவ்வொரு கருவியும் காவல் காக்கவேண்டிய ஒரு குழந்தை. ஒவ்வொரு துவாரமும் உப்பு நுழையும் ஒரு வாசல். ஒரே சார்ஜரால் எல்லாக் கருவிகளும் பிழைக்குமானால் பாதி கம்பிகளை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

இரண்டாவது, காற்றுப் புகாத டப்பா. மூடியில் ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பாவே போதும். அதற்குள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளை ஒரு கைப்பிடி, துணிப்பையில் கட்டிப் போடவேண்டும். ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். நீல மணிகளில் கோபால்ட் என்ற நஞ்சு கலந்திருப்பதால் ஆரஞ்சு மணிகளையே வாங்குவது நலம். நிறம் மாறியபின் எறிந்துவிட வேண்டாம். சமையலுக்கு உதவாத பழைய தட்டில் பரப்பி, சுமார் 120 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மணிகள் மறுபடியும் தாகம் கொண்டுவிடும். எந்த நிறமானாலும் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

டப்பாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வியர்வையிலும் சாரலிலும் நனைந்த கருவியை அப்படியே உள்ளே போட்டு மூடினால், ஈரத்தையும் கூடவே சிறைவைத்தவர்களாவோம். நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடியும் துடைத்து, அதன் பிறகே மூடவேண்டும். அடிக்கொரு தரம் திறந்து பார்ப்பதும் கூடாது. இரவு படுக்கும்போது வைத்துக் காலையில் எடுப்பது என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டால் போதும்.

நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைக்கும் வைத்தியம் நம் வீடுகளில் பிரசித்தம். அரிசிக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. அதன் மாவும் நொய்யும் துவாரங்களில் அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். அப்படிச் செய்யவேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-இல் தன் வாடிக்கைக்காரர்களுக்கு எச்சரித்தது. ‘தண்ணீரில் கெடாதது’ என்ற விளம்பரத்தையும் முழுக்க நம்பலாகாது. ஐ.பி.67 என்ற முத்திரைக்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான். அந்தச் சோதனை நடப்பதும் நல்ல தண்ணீரில். முத்திரை பெற்ற கைப்பேசி கடலில் விழுந்தால் அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, முற்றும் உலரும்வரை சார்ஜ் போடாமல் இருக்கவேண்டும். முத்திரை இல்லாததாக இருந்தால் அணைத்துத் துடைத்து, அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு இரவெல்லாம் விழித்திருந்து வேலை செய்துவிடும்.

குளிர்சாதன அறையில் தங்குகிறவர்களுக்கு வேறோர் அபாயம் இருக்கிறது. குளிர்ந்த காமிராவைச் சட்டென்று வெளியே எடுத்தால், ஐஸ் போட்ட தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் அதன் மேலும் உள்ளும் நீர் கோத்துக்கொள்ளும். பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிச் சூட்டுக்குப் பழகுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரையில் அவகாசம் கொடுத்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

உஷ்ணத்துக்கு முதல் பலி பாட்டரி. பல கைப்பேசிகள் 35 டிகிரி வரையுள்ள சூட்டில் இயங்குவதற்கே அமைக்கப்பட்டவை. வெயிலில் நிறுத்திய மூடிய மோட்டார் காரில் சூடு 50 டிகிரிக்கு மேல் போய்விடும். அங்கே பவர் பாங்கை விட்டுப் போவது ஆபத்து. நெடுநாள் உபயோகிக்காத பாட்டரியைப் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. ஆகாய விமானத்தில் போகிறவர்கள் பவர் பாங்கையும் மாற்றுப் பாட்டரியையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணி வரை அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் பவர் பாங்க் சுமார் 74 வாட்-மணிதான். கோடை இடி முழங்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது உத்தமம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஒரு விஷயம் சொல்லி வைப்பது அவசியம். துராயா, இரிடியம் போன்ற செயற்கைக் கோள் தொலைபேசிகளை அரசாங்க அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்தாலும் விமான நிலையத்திலேயே தடுத்து நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக, மின்சாரமே வேண்டாத ஒரு சாமான்: முக்கியமான தொலைபேசி எண்களை எழுதிய ஒரு காகிதம். அதைப் பாலிதீன் உறையில் போட்டு வைத்துக்கொள்ளவேண்டும். எல்லாக் கருவிகளும் கைவிட்ட வேளையில் அந்தக் காகிதம் பேசும்.

சும்மா இருப்பதே கெடுதல்

ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரை, 61 நாட்கள், மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலம். படகுகள் ஓய்வெடுக்கும் அந்த இரண்டு மாதமும் தென்மேற்குப் பருவ மழை கொட்டும் மாதங்கள். கருவிகள் உழைக்காத இக்காலமே அவற்றுக்கு மிகப் பொல்லாத காலம். ஓடிக்கொண்டிருக்கும் கருவி தன் உடற்சூட்டினாலேயே கொஞ்சம் ஈரத்தை விரட்டிக்கொள்கிறது. அணைந்து கிடப்பதோ காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் மெள்ள மெள்ளக் குடிக்கிறது. ஆகையால் கழற்றக்கூடியதைக் கழற்றிக் கரையில் உலர்ந்த இடத்தில் வைத்து, முனைகளைத் துடைத்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது சற்று நேரம் இயக்கிப் பார்ப்பதே காவல். பிரயாணம் முடிந்ததும் காமிராவை அலமாரியின் மூலையில் தள்ளிவிடும் நாமும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆகஸ்டு பிறந்ததும் படகுகள் மறுபடியும் ஐஸ் ஏற்றி, எண்ணெய் ஏற்றி, அரிசி ஏற்றிப் புறப்படுகின்றன. அதற்கு முன்பாக, கரை அருகில் இருக்கும்போதே ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். பதில் வந்த பிறகே நங்கூரம் எடுக்கவேண்டும். பிரயாணம் புறப்படும் குடும்பங்களுக்கும் இதுவே நமது சிபார்சு. பெட்டியைப் பூட்டுவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். போகும் இடத்தையும் திரும்பும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.